குளவிக் கூடு அகற்றும் சேவை: மூன்றில் இரண்டை எடுத்தார்கள், ஒன்றை விட்டார்கள்

வீட்டில் குளவி கூடு கட்டிவிட்டது, யாரைக் கூப்பிடுவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டு நிறுவனங்களைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவர்கள் அவசரப்படாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஐந்து இடத்தில் கொட்டு விழுந்திருக்காது. நடுவில் அரசியலும் வரும். நான் பல வருடமாக ஆதரித்து வரும் தலைவர் ஒரு சட்டத்தில் விட்டுக்கொடுத்ததும் அதே வாரம்தான். இரண்டும் என் மனதில் ஒன்றாகவே கிடக்கின்றன, பிரித்து எழுத வரவில்லை.

மொத்தம் மூன்று கூடு. பின்வாசலுக்கு மேலே, வெயில் தடுப்புப் பலகைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, ஒற்றைக் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. குளியலறை ஜன்னல் ஓரத்துச் சுவர் இடுக்கில் இன்னொன்று. மூன்றாவது தோட்டத்துக் கடைசியில், யாரும் போகாத மூலையில் இருக்கும் மரத்தில். இவை தவிர சுவரில் அங்கங்கே மண் அப்பினாற்போல் மண்குளவிக் கூடுகள்.

முதல் நிறுவனம் நட்டநடு மத்தியானத்தில் வந்தது. இரண்டு இளைஞர்கள், கையில் நீளக் கம்பும் ஸ்ப்ரேயும். பின்வாசல் கூட்டில் மருந்தை அடித்துவிட்டுக் கம்பால் தட்டிவிட்டார்கள், வேலை முடிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பகலில் பாதிக் குளவிகள் இரை தேடி வெளியே போயிருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவை திரும்பி வந்தபோது கூடு இல்லை. இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து அக்கா துணி காயப்போடப் பின்வாசலைத் திறந்தார். ஒன்று கொட்டியதும் கையால் அடித்திருக்கிறார், அதுதான் மோசமாகிவிட்டது. குளவி நஞ்சின் வாடையே மற்றக் குளவிகளைக் கிளப்பிவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே மாட்டிக்கொண்டு அதோடு அந்தத் தேனீயின் கதை முடிந்துவிடும், குளவிக்கு அப்படி இல்லை, ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

நல்லவேளையாக அவருக்கு மூச்சுத் திணறல் வரவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் வைத்து, உடனே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசி உடனே போட்டாக வேண்டும். கொட்டு விழுந்த இடத்தில் வீக்கமும் அரிப்பும் மட்டும் இருந்தால் சில நாளில் வடிந்துவிடும். அக்காவுக்குக் கை வீங்கி நான்கு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. அவர் வேலை செய்யும் மற்ற இரண்டு வீட்டிலும் பிடித்துவிட்டார்கள்.

இரண்டாவதாகக் கூப்பிட்ட சேவையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். போன் எடுத்தவர் முதலில் கேட்ட கேள்வியே வீட்டில் யாருக்காவது குளவி, தேனீ ஒவ்வாமை உண்டா என்பதுதான். அடுத்து குழந்தை, பூனை, மீன்தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். பூனையை ஏன் கேட்கிறார் என்று யோசித்தேன், அப்புறம்தான் சொன்னார், இந்த வேலைக்குப் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகைதான், அதில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது, மீனுக்கு இந்த வகையே ஆபத்து. இந்தக் கேள்விகளைக் கேட்காத ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வந்தவர் ஐம்பது வயதிருக்கும், ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், தாமதமாகும் என்று ஒரு போன்கூட இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்ததும் மருந்தை எடுக்கவில்லை, வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்தார், எந்தக் கதவை யார் எத்தனை தடவை திறப்பார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தி, “சார், இந்தக் கதவை அதிகமா திறக்கிறது யாரோ அவங்களைக் கூப்பிடுங்க” என்றார். அக்காவைக் கூப்பிட்டேன். வீங்கிய கையோடு எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். எந்த நேரத்தில் எங்கே குளவி அதிகம் பறக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. சுவர் இடுக்கில் இருந்த கூட்டை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

வேலையை இருட்டிய பிறகுதான் தொடங்கினார். அந்த நேரத்தில் எல்லாக் குளவியும் கூட்டுக்குத் திரும்பியிருக்கும், பறப்பதும் குறைவு. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் வைத்திருந்தார், குளவிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாதாம். முழு உடுப்பு, கையுறை, முகவலை. பின்வாசலில் மிச்சமிருந்த குளவிகள் மறுபடி கட்டத் தொடங்கியிருந்த கூட்டை மருந்தடித்து எடுத்து, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிச் சோப்புத் தண்ணீரால் கழுவினார். சுவர் இடுக்கில் ஸ்ப்ரே அடிக்கவில்லை, தூள் மருந்தை ஊதினார். உள்ளே போய் வரும் குளவிகளே அந்தத் தூளைக் காலில் ஒட்டிக் கூட்டுக்குள் கொண்டுபோய்விடும். நான் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, உயிரோடு அடைத்தால் வேறு வழி தேடி வீட்டுக்குள் வரும், எல்லாம் அடங்கிய பிறகு அடையுங்கள் என்றார். பெட்ரோல் ஊற்றுவது, தீ வைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம் என்றார், நானும் கேட்கவில்லை.

மூன்றாவது கூட்டை எடுக்க மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, மூன்றுக்கும் சேர்த்துத்தானே கூப்பிட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த மூலையில் யாரும் நடப்பதில்லை. குளவி தன் குஞ்சுகளுக்குப் புழுக்களைத்தான் பிடித்துப்போய் ஊட்டும், அது செடிகளுக்கு நல்லது. எடுக்கப் போனால் மருந்து மரம் முழுக்கப் படும், பூவுக்கு வரும் தேனீயும் சாகும். அதனால் விட்டுவிட்டுப் போகிறேன், ஆனால் இதற்குக் கீழே யாரும் போகக் கூடாது, பதினான்காம் நாள் நானே வந்து பார்க்கிறேன், கூடு பெரிதாகியிருந்தாலோ இந்தப் பக்கம் நடமாட்டம் வந்தாலோ அன்றைக்கு எடுத்துவிடலாம் என்றார். இதையெல்லாம் எனக்குச் சொன்னதோடு விடவில்லை, அக்காவையும் மரத்தருகே கூட்டிப்போய்க் காட்டினார். தேதியை ரசீதில் எழுதிக் கொடுத்தார்.

அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரவு செய்தி பார்த்தேன். வேலையில் அடிபட்டாலோ நோய்வாய்ப்பட்டாலோ சம்பளத்தோடு விடுப்பு எல்லாத் தொழிலாளிக்கும் என்று எங்கள் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். நான் அவருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன். சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் கூட்டணிக் கட்சியின் ஓட்டு வேண்டும் என்று கடைசி நேரத்தில் வீட்டு வேலை செய்பவர்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். அக்கா அந்தச் சட்டத்தில் இல்லை.

என் தம்பி அவரை விட்டுக்கொடுக்கவில்லை. “உள்ள இருந்துதான் அவங்களை மாத்த முடியும், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்ல” என்றான். நானும் இதைச் சொல்லியே வளர்ந்தவன்தான். ஆனால் அன்று சாயந்திரம்தான் குளவிக்காரர் சுவரில் இருந்த பழைய மண்கூடு ஒன்றை உடைத்துக் காட்டியிருந்தார், உள்ளே காய்ந்த சிலந்திகள். மண்குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கி உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிடும், புழுவைப் பிடித்து வைக்கும் வகையும் உண்டு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதைத் தின்று வளரும். வெளியே வருவது குளவியின் பிள்ளைதான், புழு எதுவாகவும் மாறவில்லை, தின்னப்பட்டுவிட்டது. கூட்டணியில் யார் யாரை மாற்றுகிறார்கள் என்பதைத் தம்பியிடம் இதை வைத்துத்தான் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

விட்டுக்கொடுத்ததாலேயே ஒரு தலைவரைத் தள்ளிவிட முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக 1957-ல் வந்த குடிமை உரிமைச் சட்டத்தைப் பல்லைப் பிடுங்கித்தான் நிறைவேற்றினார்கள், அதில் செனட் என்ற மேலவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்து பேரம் பேசியவர் லிண்டன் ஜான்சன். அதே ஜான்சன் ஜனாதிபதியானதும் 1964-லும் 1965-லும் உண்மையிலேயே பல் உள்ள சட்டங்களைக் கொண்டுவந்தார். சரி, அது ஒரு பக்கம். அதே நாட்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, முதுமையில் ஓய்வூதியம் தரும் 1935-ம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டது. ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை பார்ப்பவர்களைச் சேர்க்கவே 1950-ல்தான் திருத்தம் வந்தது. 1935-ல் ஐம்பது வயதாக இருந்த ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு 1950-ல் அறுபத்தைந்து. நடுவில் போன பதினைந்து வருடத்தை யார் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்? நல்ல சட்டம், பாதியாவது வந்ததே என்று நாம் சொல்லும்போது, விடுபட்ட பாதியில் நிற்பவர் நம் வீட்டுப் பின்வாசலைத் திறப்பவராகவே இருக்கிறார்.

குளவிக்காரரும் விட்டுக்கொடுத்தார், எங்கள் தலைவரும் விட்டுக்கொடுத்தார். குளவிக்காரர் விட்டது ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருந்த கூட்டை. எதை விடுகிறேன், ஏன் விடுகிறேன் என்று கொட்டு வாங்கியவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார், திரும்பி வரும் தேதியும் போட்டார். தலைவர் வெற்றி விழா பேசினார், அதில் வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எப்போது சேர்ப்போம் என்றும் இல்லை. எனக்கு வலித்தது அந்த மௌனம்தான். அடுத்த முறை அவருக்கு ஓட்டுப் போடுவேனா என்று தம்பி கேட்டான். போடுவேன் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது, எதிரே நிற்பவர் இந்தச் சட்டமே வேண்டாம் என்றவர். ஆனால் வீடு வீடாகப் போவதற்கு முன்னால் அவரிடம் ஒரு தேதி வாங்காமல் போகமாட்டேன்.

சேவைக்குத் திரும்பி வருகிறேன். குறை என்றால், ரசீதில் மருந்தின் பெயர் இல்லை, நான் கேட்ட பிறகுதான் கையால் எழுதிக் கொடுத்தார்கள், அது கேட்காமலே வர வேண்டிய விஷயம். ஒருவேளை யாருக்காவது ஒவ்வாமை வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வேலை முடிந்து இரண்டு நாளைக்குப் பின்வாசலில் நாலைந்து குளவி சுற்றிக்கொண்டே இருந்தது, இது நடக்கும் என்று முன்னாடியே எச்சரித்திருந்ததால் அந்தக் கதவைத் திறக்காமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் இல்லை. சுவர் இடுக்கில் ஒரு வாரம் சத்தம் இல்லை என்று பார்த்துவிட்டு அடைத்தோம்.

பதினான்காம் நாள் அவர் வந்தார், இந்த முறை சொன்ன நேரத்துக்கே. மரத்துக் கூடு அப்படியேதான் இருந்தது, எடுக்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். அன்றைக்கே அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதி, தலைவரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். நான்கு நாள், இரண்டு வீட்டுச் சம்பளம், ஐந்து கொட்டு என்று எண்ணிக்கையோடு சொன்னார், கடைசியில் தன் கையெழுத்தையும் போட்டார். பதில் இன்னும் வரவில்லை.

இந்தச் சேவையை மறுபடி கூப்பிடுவேன். நீங்கள் கூப்பிட்டால் மருந்தின் பெயரை முதலிலேயே எழுதிக் கேளுங்கள், பகலில் வருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அக்கா இப்போது பழையபடி பின்வாசலில்தான் துணி காயப்போடுகிறார், கதவைத் திறந்ததும் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைக்கிறார்.