மீனுக்குக் கராகுச்சி சாக்கேயா, வெள்ளை ஒயினா?

டோக்கியோவுக்கு வந்த புதிதில் மீன் என்றால் வெள்ளை ஒயின்தான் வாங்குவேன். அதை மாற்றியது ஒரு கிண்ணம் இகுரா, அதாவது சோயாவில் ஊறிய சால்மன் முட்டை. முட்டை நாக்கில் வெடித்து எண்ணெய் பரவியது. மேலே ஒரு வாய் ஒயின் போனதும் மீன்கூடைக்குள் மூக்கை விட்டது போலக் கவுச்சி. மீன் கெட்டுப்போயிற்றோ என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவரின் கராகுச்சி சாக்கேயோடு (சாக்கே என்பது ஜப்பானிய அரிசி மது) அதே முட்டையைச் சாப்பிட்டால், தித்திப்பு.

கராகுச்சி என்றால் நேர்ப்பொருள் 'கார வாய்'. நம் காதுக்கும் காரம் என்றே விழும்! ஆனால் காரமெல்லாம் இல்லை, இனிப்பு குறைவு, அவ்வளவுதான். பாட்டிலில் நிஹோன்ஷுதோ, அதாவது இனிப்பு குறையக் குறைய ஏறும் சாக்கே அளவு, +5, +6 என்று போட்டிருந்தால் அநேகமாக இந்த வகை. ஆல்கஹால் 15, 16 சதவீதம் இருக்கும். ஒயினைவிடக் கொஞ்சம் கூடுதல். விலையில் இரண்டிலும் எல்லாத் தரமும் உண்டு.

எனக்கு விஷயம் கவுச்சிதான். அதற்குக் காரணம் இரும்பு. ஜப்பானின் மெர்ஷன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் ஸ்காலப் சிப்பியை விதவிதமான ஒயின்களோடு சுவைத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒயினில் இரும்பு கூடக் கூடக் கவுச்சியும் கூடியது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் அடங்கியது. சிவப்பில்தான் இந்தத் தொல்லை அதிகம், ஆனால் வெள்ளையும் முழுக்கத் தப்பவில்லை.

சாக்கே வடிப்பவர்களுக்கோ இரும்பு ஜென்ம விரோதி. நிறம் பழுத்து, மணம் கெட்டுவிடும். ஜப்பானில் குடிநீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கலாம். சாக்கே வடிக்கும் நீரில் 0.02-ஐத் தாண்டக் கூடாது. சாக்கே வடிக்கும் நாதா பகுதியின் மியாமிசு என்ற தண்ணீருக்கு அவ்வளவு பேர் கிடைத்ததில் இரும்பு குறைவு என்பதும் ஒரு காரணம். தங்கள் சரக்கு பழுக்காமலிருக்க அவர்கள் பார்த்த பார்வையில் நம் மீனும் பிழைத்தது.

வெண்ணெயில் வதக்கிய இறால், எலுமிச்சை பிழிந்த வறுவல் என்றால் ஒயினுக்கே என் ஓட்டு. கொழுப்பை வெட்ட அந்தப் புளிப்பு வேண்டும், சாக்கேயில் அது குறைவு. வேகவைக்காத ஆளிச் சிப்பிக்கு ஷாப்லி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின்தான் என்பார்கள். நான் அப்படிச் சாப்பிட்டது இரண்டே தடவை, ஒருமுறை பிரமாதம், ஒருமுறை சுமார். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஷியோகரா மட்டும் வேறு. கணவாயை அதன் குடலோடு உப்பிட்டுப் புளிக்கவைத்தது, வாடை தெருமுனைவரை வரும். அதற்கு 40 டிகிரிக்குச் சூடாக்கிய கராகுச்சிதான். ஒயின் பாட்டில் அன்றைக்கு ஃப்ரிட்ஜிலேயே கிடக்கும்.