பிடுங்குவதா, வேர் சிகிச்சையா?

இரவு முழுவதும் கடைவாய்ப் பல் குடைந்தெடுத்திருந்தால், பல் மருத்துவரைப் பார்த்ததும் "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்றுதான் சொல்லத் தோன்றும். அதற்கு முன் "இதைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். காப்பாற்றும் வழிதான் வேர் சிகிச்சை (ரூட் கெனால்): பல்லைப் பிடுங்காமல் அதன் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.

வலிக்குப் பயந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டுக்கும் மரப்பு ஊசி உண்டு. பிடுங்கும்போது அழுத்தமும் அசைவும் தெரியும். சுரீரென்று வலித்தால் கையை உயர்த்துங்கள், மருந்தைக் கூட்டுவார்கள்.

நேரத்திலும் செலவிலும் பிடுங்குவதே எளிது. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். வேர் சிகிச்சைக்குப் பொறுமை வேண்டும். கடைவாய்ப் பல்லுக்குள் பொதுவாக நரம்பு ஓடும் 3 அல்லது 4 மெல்லிய கால்வாய்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், பிறகு பல்லுக்கு மேலே உறையும் (கேப்) போட வேண்டும். உறையைத் தள்ளிப்போட்டு, காப்பாற்றிய பல்லை உடைத்துக்கொள்பவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஆனால் பிடுங்கியதன் உண்மையான விலை பிறகுதான் தெரியும். குழியில் உறையும் இரத்தம்தான் அந்தக் காயத்துக்கு மூடி. முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பதும், ஓங்கித் துப்புவதும், புகைப்பதும் அதைப் பெயர்த்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டு, சில நாட்களில் காதுவரை வலி தெறிக்கும். அது ஆறிய பிறகும் இடைவெளி இருக்கிறது. பக்கத்துப் பல் அதில் சாயும், எதிர்ப் பல் நீளும், தாடை எலும்பு மெல்லத் தேயும். இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்தோ, அக்கம்பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் செயற்கைப் பல்லைப் பாலம்போலக் கட்டியோ அதை நிரப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த வழி மலிவாக இருப்பதில்லை.

அதனால் உறுதியான வேர் உள்ள பல்லுக்கு என் ஓட்டு வேர் சிகிச்சைக்குத்தான். கோணலாகப் புதைந்து அடிக்கடி சீழ் வைக்கும் ஞானப்பல்லுக்கு அந்த ஓட்டு இல்லை. வேர் நெடுக்காகப் பிளந்த பல்லையும், ஈறுநோயால் பிடிமானம் இழந்து ஆடும் பல்லையும் பிடித்துவைத்துப் பயனில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரா? எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவரா? பல்லில் கை வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.