சந்திரகிரியில் கோட்டைப் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் 2 லட்சம் ரூபாய் திரும்பி வராது என்று நேற்று சாயங்காலம்தான் முடிவாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊர் திருத்தணிப் பக்கம், வேலை திருப்பதியில். அங்கே விலை கட்டுப்படியாகவில்லை. சந்திரகிரி பக்கம்தான், மலையடிவாரம், அமைதி. ஒரு வீட்டுத் தரகு ஆப்பில், கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய ஓட்டு வீடு ஒன்று கண்ணில் பட்டது. ‘இடித்து மாடி வீடு கட்டலாம்’ என்று போட்டிருந்தார்கள்.

தரகர் தேனாய்த் தமிழ் பேசினார். விழுந்தது அங்கேதான். “1639-ல மெட்ராசுக்கே இடம் கொடுத்த ராஜா இருந்த ஊர் சார், நீங்க நாலு சென்ட்டுக்கு யோசிக்கிறீங்களே!” ஒப்பந்தம் தெலுங்கில். எனக்குப் பேச வரும், படிக்க வராது. டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எவ்வளவு நிதானம்! வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் கிடையாது என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து 2 லட்சத்தை அனுப்பினேன்.

லோனுக்குப் போனால், பேங்க் வக்கீல் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். கோட்டை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். என் வீடு 100-க்குள். ஓட்டைப் பிரித்து ரிப்பேர் பார்க்கவே அனுமதி வேண்டும்.

தரகரைக் கூப்பிட்டேன். முதல் வாரம் “பார்க்கலாம் சார்”. அடுத்த வாரம் ஓனர் பெங்களூரில். மூன்றாவது வாரம் தரகருக்குத் தமிழே மறந்துபோனது, எல்லாம் “சூஸ்தாம் சார்”தான், அதே ‘பார்க்கலாம்’ தெலுங்கில். ஆப் கம்பெனியோ, ‘நாங்கள் விளம்பரம் மட்டுமே போடுகிறோம்’ என்று பதில் அனுப்பி, கீழே ஐந்து நட்சத்திரம் கேட்டிருந்தது. நேற்று ஓனரே பேசினார்: “நீங்கதானே வேணாம்ங்கிறீங்க? அக்ரிமென்ட்டைப் பாருங்க.”

“உங்க ஆபீஸ்ல தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவங்க இருபது பேர் இருக்காங்களே, ஒருத்தர்கிட்டகூடக் காட்டலையா?” என்று கேட்டாள் மனைவி. பாப்பா பெயரில் போட்டிருந்த பணம் அந்த 2 லட்சம்.

விரிவாகத்தான் எழுத நினைத்தேன், முடியவில்லை. கோட்டை, பழைய கோயில் பக்கம் என்றால் முதலில் மீட்டர் கணக்கு பாருங்கள். வில்லங்கச் சான்றை நம்பி இருந்துவிடாதீர்கள், இந்தத் தடை அதில் வராது. விற்கிறவன் வாயால் பத்திரத்தைக் கேட்காதீர்கள். லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள்.

நாளை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். புகாரையும் தெலுங்கில்தான் எழுதித் தர வேண்டுமாம்.