வயிற்று வரிக்குத் தேங்காய் எண்ணெய்: ஆறாம் மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு வரை

முதலிலேயே சொல்லிவிடலாம்: எண்ணெய் அரிப்பைத் தணிக்கும், வரியைத் தடுக்காது. வரி விழுவது உட்தோலில். அங்குள்ள கொலாஜன், எலாஸ்டின் இழைகள் இழுபட்டு அறுகின்றன. மேலே தடவுவது அவற்றைக் காப்பாற்றுவதில்லை. எந்தப் பூச்சும் வரியைத் தடுக்கும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பிலும் தரமான சான்று கிடைக்கவில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தாலும், சின்ன வயதில் கருத்தரித்தாலும், எடை மளமளவென ஏறினாலும் வாய்ப்பு கூடும். வரியே விழாதவர் தன் எண்ணெயைப் புகழ்ந்தால், பாதிப் பெருமை அவர் பரம்பரைக்குப் போக வேண்டியது.

ஆனாலும் ஆறாம் மாதத்துக்கு மேல் வயிறு நமநமக்கும்போது எண்ணெய் இல்லாமல் முடியாது. குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் ஒரு டீஸ்பூன் எடுத்து அடிவயிறு, இடுப்பு, மார்பின் பக்கவாட்டில் தடவ வேண்டும். தூங்கப் போகும்போது இன்னொரு டீஸ்பூன். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 10 மில்லி என்றால் 60 மில்லி அலங்கார பாட்டில் ஆறே நாளில் காலி. நான்கு மாதத்துக்கு 1.2 லிட்டர் பிடிக்கும். சமையலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சங்கடங்களும் உண்டு. சித்திரை வெயிலில் எண்ணெய் பூசி, இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டால் வேர்க்குரு பொரியும். அப்போது வாசனையில்லாத லோஷனுக்கு மாறலாம். குளியலறைக்குள் தடவினால் தரை வழுக்கும், கட்டிலில் உட்கார்ந்தே தடவுங்கள். வாசனை எண்ணெய் குமட்டலைக் கிளப்பும். கடலை மாவு தேய்த்துக் குளித்தால் தோல் இன்னும் வறளும்.

வரிமேல் தடிப்புத் தடிப்பாகப் பொரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து, இரவில் கூடினால் எண்ணெயை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம், அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ரெட்டினால், ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகைப் பொருட்கள்) கலந்த கிரீம்களைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது. பாலூட்டும் காலத்திலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சிவப்பு, ஊதா வரிகள் பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மங்கி வெளிறும், முழுசாக மறையாது. லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள் நிறம் இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வெளுத்த வரி சிகிச்சைக்கு அவ்வளவாக மசியாது.