புதிய கணினியில் காலியாக இருந்த முகவரிப் புத்தகம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

புதிய கணினியில் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவி, மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் பழைய மடல்கள் மளமளவென்று வந்து சேர்ந்துவிடும். ஆனால் புதிய மடல் எழுதலாமென்று பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டினால் ஒரு பெயர்கூட எட்டிப் பார்க்காது. கணினி மாற்றியபோது எனக்கு நேர்ந்ததும் இதுதான். மடல்கள் வந்துவிட்டதால் முகவரிகளும் வந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இரண்டும் வெவ்வேறு இடங்களில் வாழ்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சேவையகத்திலிருந்து மடல்களைப் பெறும் ஐமேப் நெறிமுறை சுமந்து வருவது மடல்களையும் அவற்றின் கோப்புறைகளையும் மட்டுமே. முகவரிப் புத்தகத்துக்கு அதில் இடமில்லை. தண்டர்பேர்டு அதைப் பழைய கணினியின் வன்தட்டில், நம் அமைப்புகளும் தரவும் இருக்கும் புரொஃபைல் கோப்புறைக்குள் வைத்திருக்கிறது. விண்டோஸில் அந்தக் கோப்புறை இருப்பது 'ஆப்டேட்டா' என்ற மறைந்த கோப்புறையின் உள்ளே. கணினி மாற்றும்போது ஆவணங்கள், படங்கள், முகப்புத் திரையில் இருப்பவை ஆகியவற்றைத்தான் பொதுவாக நகலெடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதது பின்தங்கிவிடுகிறது. அதனால் பழைய கணினியின் தட்டை அழிப்பதற்கும், அதை வேறொருவருக்குக் கொடுப்பதற்கும் அவசரப்படவே கூடாது. கணினி இயங்காமல் போயிருந்தாலும் தட்டு நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்றி யுஎஸ்பி வழியாக இணைத்துக் கோப்பை எடுத்துவிடலாம்.

பழைய கணினி இயங்கினால் வேலை இன்னும் எளிது. உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், புரொஃபைல் கோப்புறையை நேரே திறக்கும் பொத்தான் இருக்கும். அங்கே 'ஏபுக்' என்று பெயர் தொடங்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்புதான் நாம் கைப்பட உருவாக்கிய புத்தகம். 'ஹிஸ்டரி' என்ற பெயருடைய இன்னொரு கோப்பும் இருக்கும். நாம் மடல் அனுப்பியவர்களின் முகவரிகளை மென்பொருள் தானாகவே சேர்த்து வைப்பது அதில்தான். பலர் முதல் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, பாதிப் பேரைக் காணவில்லை என்று தேடுவார்கள். தினமும் எழுதும் முகவரிகளில் பெரும்பகுதி இரண்டாவது கோப்பில்தான் இருக்கும். யாரையும் முறையாகப் புத்தகத்தில் சேர்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லையே! தண்டர்பேர்டை முழுவதும் மூடிய பிறகே இவற்றை நகலெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2020இல் வந்த 78ஆம் பதிப்புக்கு முன்பு இதே தகவல் 'எம்ஏபி' (.mab) என்ற பின்னொட்டுள்ள, மோர்க் என்ற பழைய தரவுத்தள வகைக் கோப்பில் இருந்தது. 2022இல் வந்த 102ஆம் பதிப்பிலிருந்து இறக்குமதிப் பக்கம் மோர்க், எஸ்க்யூலைட் ஆகிய இரண்டையும் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. மிகப் பழைய கணினியில் கிடந்த கோப்பையும் இப்படி உயிர்ப்பிக்க முடிந்தது எனக்குப் பெரிய நிம்மதி. புரொஃபைல் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. ஆனால் 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலுக்கு அது உதவாது. பல ஆண்டு மடல்கள் உள்ளவர்கள் கோப்புறையையே நகலெடுப்பதுதான் வழி.

தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லா மென்பொருளுக்கும் புரியும் என்பதால் எல்லோரும் அதையே பரிந்துரைக்கிறார்கள். என் அக்கா வேறொரு அஞ்சல் மென்பொருளிலிருந்து மாறியபோது அப்படித்தான் எடுத்து வந்தார். சரிபார்க்க ஒரு விரிதாள் மென்பொருளில் திறந்துவிட்டு, "பெயரெல்லாம் குப்பையாகத் தெரிகிறதே, தம்பி!" என்றார். திரையில் தலைமேல் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி என வரிசை வரிசையாக நின்றன. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். மேலை ஐரோப்பியக் குறியாக்கமாக நினைத்துத் திறந்தால் அந்த மூன்றும் மூன்று தனி எழுத்துகளாகச் சிதறிவிடும். கோப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை, திறந்த விதம்தான் தவறு. அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டு, இறக்குமதி செய்யும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் அப்படியே வந்துவிடும். அக்காவின் பெயர்களும் வந்தன. தொலைபேசி எண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திறந்த கோப்பை அந்த மென்பொருள் தன் போக்கில் சேமித்திருந்ததால் எண்களின் முன்னால் இருந்த சுழியங்களும் கூட்டல் குறிகளும் போயிருந்தன. மூலக் கோப்பின் நகல் தனியாக இருந்ததால் மீண்டோம்.

சிஎஸ்வியில் வராதவை இன்னும் உண்டு. தண்டர்பேர்டில் உருவாக்கிய குழுப் பட்டியல்கள் வருவதில்லை, படங்களும் வருவதில்லை. யாருக்கு அடிக்கடி எழுதுகிறோம் என்ற கணக்கும் வராது. அந்தக் கணக்கை வைத்துத்தான் பெறுநர் கட்டத்தில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. இடமாற்றத்துக்குப் பிறகு என்றோ ஒரு முறை எழுதியவர் மேலே வந்து நிற்பது இதனால்தான். அவசரத்தில் எண்டர் விசையைத் தட்டினால் மடல் வேறு யாருக்கோ போய்விடும். முதல் சில வாரங்கள் இதில் கவனம் தேவை. ஆகவே தண்டர்பேர்டிலிருந்து தண்டர்பேர்டுக்கே மாறுபவர்கள் சிஎஸ்வி பக்கமே போக வேண்டாம். குழுக்களை மட்டும் எடுக்க விரும்பினால் எல்டிஃப் என்ற இன்னொரு ஏற்றுமதி வடிவம் அவற்றைக் காப்பாற்றும்.

மீட்டது போதும், இனி இந்த வேலையே வேண்டாம் என்று முகவரிகளைச் சேவையகத்துக்கு மாற்றினேன். 2011இல் தரமாக வெளியான கார்ட்டேவ் நெறிமுறை இதற்கென்றே உருவானது. தண்டர்பேர்டில் புதிய முகவரிப் புத்தகம் சேர்க்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்து, கணக்கு விவரம் கொடுத்தால் தொடர்புகள் வந்து சேரும். தொலைபேசியும் கணினியும் ஒரே பட்டியலைப் பார்க்கின்றன. அதன் பிறகு இன்னொரு கணினிக்கு மாறியபோது முகவரிகளுக்காக ஒரு கோப்பைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. மீட்ட உள்ளூர்ப் புத்தகமும் புதிய கார்ட்டேவ் புத்தகமும் சேர்ந்து ஒவ்வொருவரையும் இரண்டு முறை காட்டின. அதிலும் ஒன்றில் நடப்பு முகவரி, மற்றதில் அவர் எப்போதோ விட்டுவிட்ட அலுவலக முகவரி. இரட்டைகளைத் தானாக இணைக்கும் கருவிகளில் சில பெயரை முக்கியமாகப் பார்க்கின்றன. ஒரே பெயர் கொண்ட இருவரை ஒருவராக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. நம் பெயர்களில் முன்னெழுத்து ஒரு பதிவில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பதால், ஒரே ஆளை இருவர் என்றும் அவை விட்டுவிடும். கையால் பார்த்துச் சரிசெய்வதே நல்லது என்பது என் முடிவு. நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு முறைதான்.

ஒத்திசைவு இருப்பதால் காப்பு நகல் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொலைபேசியில் ஒரு பெயரை அழித்தால் கணினியிலும் அது போய்விடும். கூகுள் காண்டாக்ட்ஸில் 30 நாள்களுக்குள் இருந்த ஒரு நிலைக்குப் பட்டியலைத் திருப்பிக் கொண்டுபோகும் வசதி இருக்கிறது. அதற்கும் அப்பால் கண்டுபிடிக்கும் இழப்புகளுக்காக அவ்வப்போது விகார்ட் என்ற தொடர்பு அட்டை வடிவில் ஏற்றுமதி செய்து வெளித்தட்டில் வைக்கிறேன்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. கார்ட்டேவ் புத்தகத்தில் குழுப் பட்டியல் உருவாக்க முடியவில்லை. அதனால் குழுக்களை உள்ளூர்ப் புத்தகத்தில் தனியே வைத்திருக்கிறேன். குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு அங்கேயும் ஒரு பதிவு உருவாகிறது. அவருடைய முகவரி மாறும்போது இரண்டு இடங்களிலும் திருத்த வேண்டியிருக்கிறது. விகார்ட் நகலோடு அந்தப் புத்தகத்தின் எல்டிஃப் நகலையும் சேர்த்தே எடுத்து வைக்கிறேன்.