ஃபேர்லேண்ட்ஸ் வாடகைத் திரையரங்கு: படமும் சத்தமும் எப்படி?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டின் முதல் மாடியில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு திரையரங்கு ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் வசதியாகச் சாய்ந்து உட்காரலாம். பிறந்தநாள் விழாவுக்கும் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கும்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். நாங்கள் எடுத்தது ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் படவரிசைக்காக. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மருமகன் 4கே டிஸ்க்குகளைக் கொண்டுவந்திருந்தார். புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிந்த நாளிலிருந்து, ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் ஹார்ட் டிஸ்க்கில் வந்து இறங்கிய நாள் வரை சேலத்துத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஆகவே இருக்கை, ஏசி, பாப்கார்ன் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதோடு அவற்றை முடித்துக்கொண்டு, படத்துக்கும் சத்தத்துக்கும் வருகிறேன்.

ஒரு திரையரங்கைச் சோதிக்க இந்தப் படவரிசையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கதை ஒன்றுதான், அதைப் பிடித்த கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1977இல் வந்த முதல் படம் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. 2002இல் வந்த இரண்டாம் அத்தியாயம் முழுக்க முழுக்க சோனியின் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. பெரிய ஸ்டுடியோப் படங்களில் அப்படித் துணிந்த முன்னோடி அது. 2015இல் மறுபடி கோடாக் ஃபிலிமுக்குத் திரும்பினார்கள். 2016இல் வந்த கிளைக்கதையான ரோக் ஒன், ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா 65 என்ற பெரிய சென்சார் கொண்ட டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. நல்ல திரையில் இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும். இங்கே தெரிந்தன.

முதலில் 1977 படத்தைப் போட்டோம். பாலைவனத்தில் நடக்கும் தங்கநிற ரோபோவின் மார்புத் தகட்டில் உள்ள கீறல்கள், மூட்டுகளில் அப்பியிருக்கும் தூசி, அதன் துணையான குட்டி ரோபோவின் நீல வண்ணத்தில் படிந்த அழுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன. வானத்தில் ஃபிலிமின் குறுமணிகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அதைச் சிலர் குறை என்பார்கள்; ஃபிலிமின் உயிரே அதுதான் என்பேன் நான். ஆனால் டிஸ்க்கில் இருப்பது அப்படியே 1977இல் ஓடிய படம் அல்ல. 1997 மறுவெளியீட்டின்போது கணினியில் உருவாக்கிச் சேர்த்த விலங்குகள் நகரத் தெருவில் குறுக்கே போகும்போது, அவை மட்டும் வழவழவென்று தனியாகத் தெரிகின்றன. புரொஜெக்டர் எதையும் மறைக்கவில்லை.

அடுத்து 2002 படம். முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருந்தன. வெளிச்சமான ஜன்னல் பக்கம் விவரமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. என் மூத்த பேரன் திரும்பி, “தாத்தா, புதுப் படம் பழைய படத்தைவிட மங்கலாக இருக்கிறதே, டிஸ்க் பழுதா?” என்று கேட்டான். டிஸ்க்கிலும் பழுதில்லை, புரொஜெக்டரிலும் இல்லை. அந்தக் கேமரா பதிவு செய்தது அதிகபட்சம் 1080 வரிகள். அகன்ற திரை வடிவத்துக்காக மேலும் கீழும் வெட்டியபின் மிஞ்சியவை சுமார் 800. 4கே திரையில் 2,160 வரிகள் இருக்கின்றன. இல்லாத விவரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? புள்ளிகளை இட்டு நிரப்பித்தான் பெரிதாக்க முடியும். ஃபிலிமின் கதை வேறு. நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருந்தால், இன்றைய ஸ்கேனரில் மறுபடி ஓட்டி, அன்றைய தியேட்டரில் நாம் பார்க்காத விவரத்தையும் எடுக்கலாம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும். அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் 1956இல் கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ போன்ற படங்களின் நெகட்டிவ் ஒவ்வோர் அடியும் காப்பாற்றப்பட வேண்டிய சொத்து.

டிஜிட்டலை நான் பழிக்கவில்லை. ரோக் ஒன் படத்தின் இருட்டுக் காட்சிகளை இங்கே பார்த்தபோது மனம் நிறைந்தது. கறுப்பு உடைக்கும் கறுப்புச் சுவருக்கும் நடுவே விளிம்பு தெரிகிறது. மழையில் பாறையின் ஈரம் தெரிகிறது. நான் ஓட்டிய ஃபிலிம் பிரதிகளில் இப்படிப்பட்ட இருட்டு இரண்டாவது வாரத்திலேயே கோடு கோடாகக் கீறிப்போயிருக்கும். டிஜிட்டலில் முதல் காட்சியும் நூறாவது நாள் காட்சியும் ஒன்றே. சின்ன ஊர் ரசிகனுக்கு அது எவ்வளவு பெரிய நியாயம் என்பது, பெரிய தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த ஃபிலிம் பெட்டிகளை வாங்கி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

குறைக்கு வருகிறேன். படம் தொடங்கியதும் எல்லா அசைவும் டிவி சீரியல்போல வழுக்கிக்கொண்டு போனது. புரொஜெக்டரில் அசைவைச் சீராக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தார்கள். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) ஓடுவது. இந்த வசதியோ, படத்தில் இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கி நடுவில் நுழைக்கிறது. 2012இல் ஹாபிட் படத்தை வேண்டுமென்றே 48 சட்டகங்களில் எடுத்தார்கள். அது இயக்குநரின் முடிவு. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு அந்த உரிமை இல்லை. அறையைக் கவனிக்கும் தம்பியிடம் சொன்னேன். “கிரிக்கெட்டுக்காகப் போட்டது ஐயா, அப்படியே இருந்துவிட்டது” என்று உடனே அணைத்துக் கொடுத்தார். நீங்கள் போனால் படம் போடும் முன்பே கேட்டு அணைக்கச் சொல்லுங்கள்.

சத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. 1977 படத்தின் டால்பி ஸ்டீரியோ, ஃபிலிம் ஓரத்தில் இருந்த இரண்டே ஒலித்தடங்களுக்குள் நான்கு வழி ஒலியை அடைத்து வைத்தது. தூசி படிந்தால் பொரியும், ஒட்டுப் போட்ட இடத்தில் ‘டப்’பென்று வெடிக்கும். இப்போது அதே படம் அட்மாஸ் என்ற டால்பியின் புதிய ஒலிமுறையில் கூரையிலிருந்தும் ஒலிக்கிறது. விண்கலம் தலைக்கு மேல் கடந்தபோது சின்னப் பேரன் அண்ணாந்து பார்த்தான். இந்தப் படங்களில் வரும் ஒளிவாளின் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், பழைய புரொஜெக்டரின் மோட்டார் ஓசையையும் டிவி படக்குழாயருகே மைக்கில் எழுந்த இரைச்சலையும் கலந்து உருவாக்கியது அது. வாழ்நாளெல்லாம் என் காதோரம் ஓடிய மோட்டாரின் குரலை இவ்வளவு துல்லியமாகத் தந்த ஸ்பீக்கர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

நடு ஸ்பீக்கரின் அளவு மட்டும் குறைவு. சண்டைக் காட்சிகளில் வசனம் அமுங்கிப்போகிறது. இரண்டு புள்ளி ஏற்றச் சொன்னதும் சரியாகிவிட்டது. வாசல் கதவுக்கு மேலுள்ள பச்சை விளக்கு திரையின் இடது ஓரத்தில் விழுகிறது. அதற்கு ஒரு மறைப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாலைக் காட்சிக்குப் போவதாக இருந்தால் பைக்கில் போங்கள். அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. டிஸ்க் கொண்டுபோவதானால் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கமாக இணைப்பில் இருப்பது இணையப் பெட்டிதான். டிஸ்க் பிளேயரை உள்ளேயிருந்து எடுத்து மாட்டக் கால் மணி நேரம் ஆகிறது, அதையும் வாடகை நேரத்தில்தான் சேர்க்கிறார்கள்.