கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

ஒன்பது ஆண்டுகளாக ஒரே கார் ஓட்டுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் சென்னையில் ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அதன் பிறகு எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம். இரண்டு இடத்திலும் பணத்தை இழந்திருக்கிறேன், இரண்டு இடத்திலும் நேர்மையான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கோளாறு நுழைகிற வழி இரண்டிலும் வேறு வேறு.

கம்பெனி சர்வீஸில் எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு: செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டு, மதிப்பீடு, உதிரிபாக எண்ணோடு பில். காரில் கை வைக்கிற ஆளைத்தான் பார்க்க முடியாது. நாம் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். கழற்றி மாட்டுகிறவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அட்வைசருக்குப் பல இடங்களில் மாத இலக்கு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், இன்ஜெக்டர் சுத்தம் என்று மதிப்பீடு நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம். என் காரோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

40,000 கிலோமீட்டர் சர்வீஸின்போது மதியம் போன் வந்தது. முன்பக்க பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்றார் அட்வைசர். "குடும்பத்தோடு போகிற வண்டி சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில்தான் இருந்தேன், நேரில் போய்க் காட்டச் சொன்னேன். இருபது நிமிடம் காக்கவைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். நான்கு சக்கரங்களின் நட்டுகளிலும் முந்தைய வார மழைச்சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு சக்கரத்தைக்கூட யாரும் கழற்றவில்லை. என் முன்னால் கழற்றி அளந்தபோது பேட் 6 மில்லிமீட்டர் இருந்தது. புதிது ஏறக்குறைய 10 இருக்கும். 3-ஐ நெருங்கும்போதுதான் மாற்ற வேண்டும். அளந்த இளைஞர் "இன்னும் நன்றாக ஓடும் சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். உண்மை சொல்லக்கூடிய ஆள் அங்கேயேதான் இருந்தார். அவரோடு வாடிக்கையாளர் பேச வழியில்லாமல் அந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

தெருமுனையில் நிலைமை தலைகீழ். ஆள் கண்முன்னே இருப்பார், காகிதம் இருக்காது. எங்கள் மெக்கானிக் அண்ணன் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். தேவையில்லாத வேலையை அவர் சொன்னதே இல்லை. ஆனால் ஒருமுறை அவர் வாங்கி மாட்டிய கிளட்ச் பேரிங் நான்கே மாதத்தில் இரைச்சல் போட்டது. பெட்டி அசல் போலவே இருந்தது, பில் கிடையாது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். கியர்பாக்ஸை மறுபடி இறக்கி ஏற்றிய கூலியை அண்ணன் வாங்கவில்லை. பேரிங் பணம் மட்டும் எனக்கு இரண்டாம் முறை போனது. அவர் ஏமாற்றவில்லை, அவரே ஏமாந்திருந்தார்.

அதிலிருந்து பாகங்களை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடையில் நானே பில்லோடு வாங்கிக் கொடுக்கிறேன். முதலில் அவருக்கு மனம் கசந்தது. "என் மேல் நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். கடையின் மேல்தான் இல்லை என்று சொல்லிப் புரியவைத்தேன்.

வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்கிற பயம் பலரைக் கட்டிப்போட்டிருக்கிறது. 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் (CCI), உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதம் பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. நடைமுறையில், வாரண்டி இருக்கும்வரை கம்பெனியில் விடுவதுதான் தலைவலி இல்லாத வழி. நானும் அப்படித்தான் செய்தேன்.

வாரண்டி முடிந்தபின் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், ஆயில் மாற்றம் எல்லாவற்றுக்கும் நான் தெருமுனைக்கே போவேன். ஏர்பேக், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, திரும்பப்பெறும் அறிவிப்பு இவற்றுக்கு மட்டும் கம்பெனிதான். 2023 ஜனவரியில் மாருதி, ஏர்பேக் கன்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்று 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த வேலை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் இலவசமாக நடக்கும், தெருமுனையில் நடக்காது. உங்கள் காருக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

கம்பெனியில் விடுகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், "கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம், பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அந்தக் காகிதம்தான் அப்போது உங்களுக்காகப் பேசும்.

தெருமுனையிலும் காகிதம் கேட்கலாம். போன முறை ஆயில் மாற்றியதும் அண்ணன், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.